சிவப்புதான் முதலில் போகும்

என் சகலை மீது எனக்கு ஒரு கோபம் உண்டு. பழைய கோபம். நான் கடை திறந்த அன்றைக்கு ஆரம்பித்தது. இப்போது முழுசாக ஆறிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

நான் படுதா தைக்கிறவன். கடை முகப்பில் வெயிலுக்குச் சாய்த்துக் கட்டும் துணிக்கூரை, லாரிக்குப் போர்த்தும் தார்ப்பாய், பால்கனி மறைப்பு, எதுவானாலும் அளவெடுத்து, வெட்டி, தைத்து, கம்பி அடித்து மாட்டிக் கொடுப்பேன். எனக்குப் படிப்பு ஏறவில்லை. பல வருடம் அடுத்தவன் பட்டறையில் குனிந்து தைத்து, முதுகு ஒரு மாதிரி வளைந்த பிறகுதான் சொந்தமாக ஒரு கடை போட முடிந்தது. கீழே கடை, மேலே வீடு. முகப்பில் ஒரு பெயர்ப்பலகை வைத்தேன். மஞ்சள் தரை, ரத்தச் சிவப்பில் எழுத்து, எழுத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு. தெருமுனையில் திரும்பும்போதே கண்ணில் அறையும்.

திறப்பு அன்றைக்கு வந்தவர்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார்கள். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை, கடைசியாக வந்தார். கையைப் புருவத்துக்கு மேல் குடையாக வைத்துக்கொண்டு பலகையைப் பார்த்தார். பிறகு சூரியன் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்த்தார். பிறகு எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்:

"சிவப்புதான் முதல்ல போகும் சகலை."

அவ்வளவுதான். நல்லா வரணும் என்று ஒரு வார்த்தை இல்லை. ஒரு தம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நிழலாகப் பார்த்து ஒதுங்கி நின்றுகொண்டார்.

என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அவர் சொன்னபடியே போய்விட்டது. இரண்டு கோடை தாங்கவில்லை. சிவப்பு ரோஜா நிறமானது, ரோஜா பழைய உள்பாவாடை நிறமானது, கடைசியில் கறுப்புக் கோடு மட்டும் மிஞ்சியது. எழுத்துக்கு எலும்பு இருக்கிறது, சதை இல்லை. பலகை எழுதியவனை நான் திட்டவில்லை. வெயிலையும் திட்டவில்லை. சகலையைத்தான் திட்டினேன். பலகையை மாற்று என்று மனைவி எத்தனையோ தடவை சொல்லியும் மாற்றவில்லை. வரும்போதெல்லாம் அந்த மனிதர் பார்க்கட்டும் என்று அப்படியே விட்டுவைத்தேன். அவரும் வரும்போதெல்லாம் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் வெளுப்பு. என் பிள்ளைகள் நேரிலேயே "வெளுப்பு பெரியப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். கோபித்துக்கொள்ள மாட்டார். அவர் பார்த்த உத்தியோகம் அப்படி. பொருள்களை வெளிச்சத்தில் போட்டு, அவை எப்படிக் கெடுகின்றன என்று பார்த்துச் சொல்வது. முதலில் ஒரு திரைச்சீலை மில்லில் இருந்தார். துணித்துண்டுகளைப் பாதி அட்டையால் மூடி, பாதியைத் திறந்துவிட்டுப் பெரிய விளக்குக்கு அடியில் அடுக்குவார். சில நாள் கழித்து அட்டையை எடுத்தால் மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் நடுவில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு எவ்வளவு அழுத்தமாகத் தெரிகிறது என்று பார்த்துச் சொல்வதற்குச் சம்பளம். மில்லை மூடிவிட்டார்கள். அப்புறம் கார் பெயிண்ட் கம்பெனி. மொட்டை மாடியில் வரிசையாகச் சாய்த்து வைத்த தகடுகளைத் தினமும் துடைத்துப் பார்க்கிற வேலை. அந்தக் கம்பெனி வேறு ஊருக்குப் பெயர்ந்தபோது தகடுகளை ஏற்றிக்கொண்டு போனார்கள், இவரை விட்டுவிட்டுப் போனார்கள். ஐம்பதை எட்டிப் பிடிக்கிற வயதில், வெயிலிலிருந்து கரன்ட் எடுக்கும் சோலார் ஃபிலிம் செய்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் உதவியாளராகச் சேர்ந்தார். அங்கேயும் அதே வேலைதான். வெளிச்சத்தில் போடு, கெடுகிறதா என்று பார்.

அவர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் எதிலாவது முட்டிக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகுதான் கண் பழகும். எல்லா ஜன்னலிலும் கனத்த திரை. சுவரில் ஒரு படம் கிடையாது. கல்யாண போட்டோகூட அலமாரிக்குள் கறுப்புத் துணியில் சுற்றி இருக்கும். யாராவது கேட்டால் எடுத்துக் காட்டுவார். பார்த்து முடித்ததும் உடனே சுற்றி உள்ளே வைத்துவிடுவார். என் மனைவியின் அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து என்னை வெயில்ல விட்டுட்டு, போட்டோவை நிழல்ல வெச்சுக் காப்பாத்துறார்."

இப்படிப்பட்ட ஆள் ஒருநாள் என் கடைக்கு நீளக் குழாய் ஒன்றைத் தோளில் சாத்திக்கொண்டு வந்தார்.

"சகலை, ஒரு படுதா தைக்கணும்."

"வெயிலைக் கண்டா ஓடி ஒளியிற ஆளுக்குப் படுதா எதுக்கு? ஒரு தொப்பி போதுமே."

"எனக்கில்ல. இதுக்கு."

குழாய்க்குள்ளிருந்து உருவி மேஜையில் விரித்தார். மெல்லிய பிளாஸ்டிக். அதன் மேல் கருநீலமும் பச்சையும் கலந்த மாதிரி பட்டை பட்டையாக ஏதோ அச்சடித்திருந்தது. ஓரத்தில் இரண்டு மெல்லிய ஒயர்.

"இதுலயா கரன்ட் வரும்? காய்கறி வாங்குற பை மாதிரி இருக்கு."

"அதான் இதோட பெருமையே. கூரையில வைக்கிற சோலார் பலகை கனம், கண்ணாடி. துணியில தைக்க முடியுமா? இதை மை மாதிரி அச்சடிக்கிறாங்க. சுருட்டலாம், வளைக்கலாம். இந்த மையில ரெண்டு சரக்கு கலந்திருக்கு. வெளிச்சம் பட்டா ஒண்ணு குடுக்கும், ஒண்ணு வாங்கும். அந்தக் குடுக்கல் வாங்கல்தான் கரன்ட்."

"நல்ல சம்பந்திங்கதான். அப்புறம் என்ன குறை?"

"வெளிச்சந்தான் குறை. வேலை வாங்குறதும் அது, ஆளைத் தேய்க்கிறதும் அது. காத்து உள்ள புகுந்தா வெளிச்சமும் காத்தும் சேர்ந்து நிறத்தையே தின்னுடும், உங்க பலகை மாதிரி. அதனால ரெண்டு பக்கமும் ஒட்டி அடைச்சிருக்காங்க. அடைச்சாலும், வெயில்ல கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கு, ஊதாவுக்கு அந்தப் பக்கம். அது உள்ள போய்ச் சரக்கோட கட்டை அவிழ்க்கப் பார்க்கும்."

உங்க பலகை மாதிரி என்றார், கவனித்தீர்களா. உதவி கேட்டு வந்த இடத்திலும்.

விஷயம் என்னவென்றால், ஆய்வுக்கூடத்து விளக்குக்கு அடியில் இந்த ஃபிலிம் ஓரளவு தாக்குப் பிடித்திருந்தது. ஆனால் விளக்கு வேறு, வெயில் வேறு. நிஜமான தெருவில், காற்றில் ஆடும் துணியில், கோடை முழுக்கக் கிடந்து தாங்குமா என்பது யாருக்கும் தெரியாது. தாங்கினால் கம்பெனி தயாரிப்பில் இறங்கும். தாங்காவிட்டால் ஃபிலிம் பிரிவையே மூடிவிடுவோம் என்று மேனேஜர் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாராம். இதைச் சகலை வேறு யார் வீட்டுக் கதையோ மாதிரி என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவர் மனைவி போனில் தங்கையிடம் அழுதிருக்கிறாள்.

"மூடிட்டா இந்த வயசுல இவரை யாருடி எடுப்பா? மில்லு மூடினப்ப ஒரு வருஷம் திரையை இழுத்து விட்டுக்கிட்டு இருட்டுலயே உட்கார்ந்திருந்தார். சாப்பிடுன்னா சாப்பிடுவார், படுன்னா படுப்பார். அதை இன்னொரு தடவை பார்க்க எனக்குத் தெம்பில்ல."

என் மனைவி போனை வைத்த கையோடு கீழே வந்து என்னிடம் அப்படியே சொன்னாள். எனக்கும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் கோபம் என்பது தனிக் கணக்கு. என்ன துணி போடட்டும் என்று கேட்டேன். "உங்க கடை, உங்க இஷ்டம்" என்றார். கடையில் இருந்ததிலேயே பளிச்சென்ற சிவப்புப் பட்டை போட்ட துணியை எடுத்து மேஜையில் பொத்தென்று போட்டேன். அவர் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். எனக்குப் பரம திருப்தி.

தைப்பது லேசாக இல்லை. கருத்த பட்டையில் ஓர் ஊசி இறங்கினாலும் அதன் வழியாகக் காற்று புகுந்துவிடும், ஓரத்து வெறும் பிளாஸ்டிக்கில் மட்டும்தான் தைக்கலாம் என்றார். நானும் மூச்சை அடக்கித் தைத்துக் கொடுத்தேன். என் கடை முகப்பிலேயே, எங்கள் சமையலறை ஜன்னலுக்கு நேர் கீழே கட்டினோம். ஃபிலிம் உண்டாக்கும் கரன்ட்டை விழுங்க ஒரு சின்னப் பெட்டி. சனிக்கிழமை காலையில் அவர் வந்து மீட்டர் வைத்துப் பார்ப்பார். கூடவே உள்ளங்கை அளவில் ஒரு சில்லு கொண்டுவருவார். அன்றைக்கு வெயில் எவ்வளவு என்று அது சொல்லும். மேகத்தால் கரன்ட் குறைந்தால் அதை ஃபிலிம் தலையில் கட்டிவிடக் கூடாதல்லவா.

"முதல் கொஞ்ச வாரம் வேகமா விழும் சகலை. பயந்துடாதீங்க. அது எப்பவும் உள்ளதுதான். அப்புறம் நிதானத்துக்கு வரணும். வந்தா பிழைச்சுது. வராம சரிஞ்சுக்கிட்டே போனா முடிஞ்சுது."

"விழட்டும், விழட்டும்" என்றேன். அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

ஆனால் விழவில்லை. முதல் சனிக்கிழமை துளி இறக்கம். அடுத்த வாரமும் துளி. அதற்கடுத்து அதுவும் இல்லை. கோடை உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்தது, தெருத் தார் செருப்பில் ஒட்டியது, ஃபிலிம் மட்டும் நேற்றுத் தைத்த மாதிரி கரன்ட் கொடுத்தது. ஆய்வுக்கூடத்தின் தலைமைப் பொறுப்பில் இருக்கும் டாக்டரம்மா, மருந்து டாக்டர் இல்லை, படித்து வாங்கிய டாக்டர், அவரே ஒருநாள் வந்து பார்த்துவிட்டுப் போனார். மேனேஜர் தயாரிப்புப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார் என்று கேள்வி. சகலை தெருமுனையிலிருந்தே விசில் அடித்துக்கொண்டு வந்தார். விசில் அடிக்கத் தெரியாத மனிதர், வெறும் காற்றுதான் வந்தது.

அந்தச் சனிக்கிழமை எனக்கும் வாய் நமநமத்தது. எத்தனை வருடமாக அடக்கி வைத்தது. மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டிருந்தவரைத் தோளில் தட்டிப் படுதாவைக் காட்டினேன்.

"சகலை, கொஞ்சம் மேல பாருங்க. சிவப்பு அப்படியே இருக்கு. முதல்ல போறது சிவப்புதானே? எங்க போச்சு? ஊருக்குப் போயிருக்கா?"

சிரித்துக்கொண்டே பார்த்தார். பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வற்றியது. என் ஏணியை இழுத்துப் போட்டு ஏறினார். ஓரத்தில் நான் மடித்துத் தைத்திருந்த இடத்தை நகத்தால் நெம்பி உள்மடிப்பைப் பார்த்தார். வெளிப்பக்கத்தைப் பார்த்தார். திரும்ப உள்ளே பார்த்தார்.

"இது ஒசந்த சாயமா சகலை?"

"வழக்கமா போடுறதுதான். ஏன், பொறாமையா இருக்கா?"

"இந்தச் சிவப்பு போயிருக்கணுமே."

எனக்கு ஏறியது பாருங்கள். "என்னய்யா மனுஷன் நீங்க. போனாலும் குத்தம், போகலைன்னாலும் குத்தமா? என் கடையில எந்தச் சிவப்பும் இருக்கக் கூடாதுன்னு வேண்டுதலா?"

அவர் நான் பேசியதைக் காதில் வாங்கவே இல்லை. ஏணியில் நின்றபடியே மெதுவாகக் கேட்டார். "பகல்ல இதைக் கழட்டி வைக்கிறீங்களா?"

"கழட்டி மாட்ட எனக்கென்ன வேற வேலை இல்லையா? அளவெடுக்க, மாட்டன்னு நான் காலையில வெளிய போனா பொழுது சாயத்தான் வர்றேன்."

எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர் எங்கள் சத்தம் கேட்டு வெளியே வந்திருந்தார். நல்ல மனிதர், எல்லாவற்றுக்கும் உதவிக்கு வருவார். அங்கிருந்தே சொன்னார்.

"அப்போ அந்தக் கறுப்புத் தார்ப்பாய் டெஸ்ட்டுல சேர்த்தி இல்லையா? தினம் உச்சி வெயிலுக்கு முன்னால அம்மா ஜன்னல்ல இருந்து பதமா இறக்குவாங்க, சாயங்காலம் பதமா ஏத்துவாங்க. விஞ்ஞானம்னா இப்படித்தான் போலன்னு நினைச்சேன்."

நாங்கள் இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தோம். ஜன்னலில் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். கையில் கரண்டி. கீழே இறங்கி வந்தபோதும் கரண்டி கையிலேயே இருந்தது.

"அத்தான், வெளிச்சம் பட்டாத்தானே கெடும்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் உச்சி வெயில் மட்டும் படாம பார்த்துக்கிட்டேன். காலை வெயிலும் சாயங்கால வெயிலும் விட்டுட்டேன். இவர் வீட்ல இருக்கிற அன்னிக்கு இறக்கல. அக்கா அழுதா அத்தான். எனக்கு வேற என்ன செய்யத் தெரியும்?"

சகலை ஏணியிலிருந்து இறங்கி, தைக்காமல் கிடந்த துணிச்சுருள் ஒன்றின் மேல் உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லியிருப்பேன்.

"மச்சினி, நீ செஞ்சது ரொம்பச் சரி. இந்த ஃபிலிமைக் காப்பாத்த அதைவிட நல்ல வழி கிடையாது" என்றார். அவள் அழ ஆரம்பித்தாள். "அழாத. என் மேலதான் தப்பு. காப்பாத்தக் கூடாதுன்னு நான் சொல்லலையே."

அவளை மேலே அனுப்பிவிட்டு நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யாருக்குத் தெரியும் சகலை? மருந்துக்கடைக்காரர் வாயை நான் பார்த்துக்கிறேன். தார்ப்பாய் இனிமே இறங்காது. நடந்தது நடந்ததா இருக்கட்டும்."

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

"தெரிஞ்சா மறந்துடுங்க. மில்லு மூடினப்ப இருட்டுல உட்கார்ந்திருந்தது மட்டும் மறந்துபோச்சா?"

அதைச் சொல்லியிருக்க வேண்டாம். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கொஞ்ச நேரம் தரையில் கிடந்த நூல்களைப் பொறுக்கி ஒரு உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நாளைக்கு யாராவது இதை வாங்கிக் கடை முன்னால கட்டுவான். தாங்கும்னு நம்பிக் கட்டுவான். வாங்குற ஒவ்வொருத்தனுக்கும் கூடவே ஒரு மச்சினியையும் அனுப்ப முடியுமா சகலை?"

திங்கட்கிழமை என் வண்டியில்தான் அவரை ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டிப் போனேன். வழியெல்லாம் மனசை மாற்றப் பார்த்தேன். ஆமாம், ஆமாம் என்று கேட்டுக்கொண்டே வந்தார், மாறவில்லை. அப்போதுதான் அவர் வேலை செய்யும் இடத்தை முதல்முறையாகப் பார்த்தேன். நீளமான அறை. சுவரோரம் இரும்பு அலமாரி மாதிரி பெட்டிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் கண் கூசும் விளக்கு. கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் உள்ளே பார்க்க முடியும். தட்டுகளில் நகம் அளவு ஃபிலிம் துண்டுகள் படுத்திருந்தன. ஒரு மூலையில் ஒரு நாற்காலி, அதன் முதுகில் இவருடைய முழுக்கைச் சட்டை. அந்தச் சட்டையின் ஒரு தோள் மட்டும் வெளுத்திருந்தது, விளக்குப் பக்கம் இருந்த தோள்.

மேனேஜரும் டாக்டரம்மாவும் உட்கார்ந்திருந்தார்கள். இவர் நின்றுகொண்டே சொன்னார். "படுதா உச்சி நேரத்துல மூடியிருந்திருக்கு. நான் கவனிக்கல. இதுவரைக்கும் எடுத்த அளவு எதுவும் செல்லாது." அவ்வளவுதான் சொன்னார். யார் மூடியது, யார் வீட்டு ஜன்னல், ஒன்றும் வரவில்லை வாயில். மச்சினி என்ற சொல்லே வரவில்லை. வாசலில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் வெகுநேரம் பேனாவைத் திறந்து மூடினார். "அப்போ நாம இவ்வளவு நாள் நிழலைத்தான் டெஸ்ட் பண்ணியிருக்கோம்" என்றார். டாக்டரம்மா எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டார். துணியின் சிவப்பு என்றார் இவர். அந்தம்மா தலையை ஆட்டினார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பினார்.

"கோடை இன்னும் முடியல. புதுசா ஒரு ஃபிலிம் போடலாம். முதல் இறக்கம் வரும், பார்க்கச் சங்கடமாத்தான் இருக்கும். அது நிக்குதா இல்லையான்னு தெரிஞ்சாப் போதும் எனக்கு."

"மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள தெரியணும்" என்றார் மேனேஜர். "நல்லதோ கெட்டதோ. அதுக்கு மேல என்னால மேலிடத்துல பேச முடியாது."

மறுபடி தைத்தேன். அதே சிவப்பு வேண்டும் என்று இந்தத் தடவை அவரே கேட்டார். ஜன்னல் கதவை என் மனைவி தானாகவே அடைத்துக் கொக்கி போட்டுவிட்டாள். சமையலறைப் புகையில் கண் எரிய நின்று சமைத்தாள். திறந்துதான் தொலையேன் என்றால், திறந்தால் கை சும்மா இருக்காது என்றாள்.

இந்தத் தடவை விழுந்தது. சொன்ன மாதிரியே விழுந்தது. முதல் சனிக்கிழமை அவர் மீட்டரைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டார். அடுத்ததில் இன்னும் இறக்கம். இதெல்லாம் உள்ளதுதான் என்று அவர்தான் எங்களுக்குத் தைரியம் சொன்னார், ஆனால் கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆறவிட்டுப் போனார். மூன்றாவதில் நானே மீட்டருக்குக் கிட்டப் போகவில்லை. கடைக்குள் நின்று அவர் தோளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். தோள் கீழே இறங்கியது.

வெயிலை விரட்டிப் பிழைக்கிறவன் நான். இத்தனை வருடத்தில் ஒருநாளும் வானத்தை நின்று பார்த்ததில்லை. அந்த நாட்களில் அண்ணாந்தே திரிந்தேன். மேகம் வந்தால் அப்பாடா என்று இருக்கும். உடனே, ஐயோ மழை வந்துவிடுமோ, அதற்குள் தெரிய வேண்டுமே என்று பதறும். இரண்டு பக்கமும் அடி. இதற்கு நடுவில் இன்னொன்று. படுதாவின் சிவப்பு மங்க ஆரம்பித்தது. மடிப்புக்கு உள்ளே ஒரு நிறம், வெளியே ஒரு நிறம் என்று கோடு தெளிவாக விழுந்தது. காலையில் கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தக் கோட்டைப் பார்ப்பேன். போகட்டும், நன்றாகப் போகட்டும் என்று இருக்கும். சிவப்பு போவதைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டார் பாருங்கள்.

பிறகு ஒரு சனிக்கிழமை. மீட்டரை வைத்தார், பார்த்தார், எடுத்தார். சில்லைத் துணியால் துடைத்து மறுபடி வைத்தார். ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டினார். திரும்பவும் பார்த்தார்.

"என்ன சகலை?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லைன்னா எதுக்கு மூணு தடவை வைக்கிறீங்க?"

"அதான் சொல்றேனே. போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும் ஒண்ணுமில்ல."

அவசரப்படக் கூடாது என்று அவரே சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் ஏறத்தாழ அதே அளவு. அதற்கடுத்த வாரம் கண்ணுக்குத் தெரியாத ஓர் இறக்கம். கணக்கில்தான் தெரியும், கவலையில் சேராது என்றார். அன்றைக்கு என் மனைவி கொடுத்த டீயைச் சூடாகவே வாங்கிக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார். மழை வந்தபோது ஃபிலிம் ஆரம்பத்தில் கொடுத்ததில் ஒரு பங்கைத் தொலைத்துவிட்டு, மீதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றது. தொலைத்தது திரும்பாது. பிடித்தது நிற்கும் என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்தார், எவ்வளவு காலம் என்பதை இன்னும் வெளியே போட்டுப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றும் சேர்த்து எழுதினார். மேனேஜர் பிரிவை மூடவில்லை. பெரிய தயாரிப்பு இப்போதைக்கு இல்லை. சில பேருந்து நிறுத்தங்களுக்குப் படுதா கட்டிப் பார்ப்போம், இங்கேயும், வெயில் இன்னும் கடுமையாக அடிக்கிற வேறோர் ஊரிலும் என்று முடிவானது. இந்த ஊர்ப் படுதாக்களைத் தைப்பது நான். அந்த ஊருக்குப் போய் எல்லாவற்றையும் கவனிப்பது சகலை.

கிளம்புவதற்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போனோம். நுழைந்ததும் எங்கேயும் முட்டிக்கொள்ளவில்லை. ஒரு ஜன்னலில் திரை விலகியிருந்தது. எதிரே இல்லை, பக்கத்துச் சுவரில், கல்யாண போட்டோ மாட்டியிருந்தது. என் மனைவி அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

"என்ன சகலை, வெளுத்துடாதா?" என்று கேட்டேன்.

"அந்தச் சுவர்ல நேர் வெயில் விழாது. ரெண்டு வாரம் பார்த்துட்டுத்தான் ஆணி அடிச்சேன்."

"மொத்தத்துல வெளுக்காதுன்னு சொல்ல மாட்டீங்க."

"வெளுக்கும். கொஞ்சம்" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "வெளுத்தா என்ன, நேர்லதான் நான் இருக்கேனே" என்றாள்.

பெட்டிகளை நான்தான் ஏற்றினேன். ரயில் கிளம்ப நேரமிருந்தது. சில்லையும் மீட்டரையும் என் கையில் கொடுத்தார், சனிக்கிழமை தவறக் கூடாது என்றார். சரி என்றேன். சில்லில் படியும் தூசியைத் தண்ணீரால் மட்டும் துடைக்க வேண்டும் என்றார். சரி என்றேன். வண்டி நகரும்போது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, கையைப் புருவத்துக்கு மேல் குடையாக வைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டார்.

"சகலை, ஒவ்வொரு படுதாவுலயும் ஃபிலிமுக்குப் பக்கத்துல ஒரு முழம் சிவப்புத் துணி தச்சு வைங்க. அதே சிவப்பு. பாதியை மூடித் தைக்கணும், பாதி வெயில்ல இருக்கணும். அப்புறம், மச்சினி கைக்கு எட்டாத உயரத்துல கட்டுங்க."